இருபத்தொரு நாள் ஊசி

மட்டாஞ்சேரி,
9.11.1983

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பிச்சைமணி எழுதுவது. உனக்குக் கண்ணில் நீர் வடிவது நின்றதா? சத்துணவுக் கூடத்து அடுப்புப் புகையில் முகத்தைக் கொடுத்து நிற்காதே என்றால் நீ எங்கே கேட்கப்போகிறாய். இங்கே எனக்கும் பேச்சியம்மாளுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வீரலட்சுமியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பதறாமல் படி.

ஐப்பசி பிறந்ததிலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல். முதலில் முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால், அப்புறம் முழங்கை. பள்ளிக்கூடத்தில் விழுந்திருப்பாள் என்று பேச்சி எண்ணெய் போட்டு நீவினாள். நானும் பாண்டிகசாலைக் கிடங்கில் இஞ்சி மூட்டை ஏறும் நேரமென்று நாலு நாள் அசட்டையாக இருந்துவிட்டேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பன்னிரண்டு நாள் வைத்திருந்தோம். இது மூட்டில் வந்த வியாதி இல்லையாம் அக்கா. தொண்டையில் ஒரு கிருமி வந்து போயிருக்கிறது. அதன் வினை மூட்டுக்கு இறங்கி, இருதயத்தையும் தொட்டுவிட்டது. மூட்டு வலி போய்விடும், இருதயத்தில் பட்டது முழுசாகப் போகாது என்றார் டாக்டரம்மா. அந்தக் கிருமி மறுபடி தொண்டையில் வந்தால் அடி பலமாக விழுமாம். வராமல் இருக்க இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட வேண்டும். இருபது வயசு வரைக்கும்!

அவர் பேசிய மலையாளத்தை எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னது லோகாம்பாள் என்கிற அம்மா. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர். நாலு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிற தமிழ் ஐயர் வீட்டுப் பெண். தங்கமான மனுஷி.

முதல் ஊசி ஏழாம் தேதி திங்கட்கிழமை போட்டாயிற்று. மருந்து கஞ்சித் தண்ணி மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்கிறது. பிள்ளை போட்ட சத்தம் படகுத்துறை ஜெட்டி வரைக்கும் கேட்டிருக்கும். நீ அழாதே. உன் கண்ணுக்கு ஆகாது.

உன் தம்பி,
பிச்சைமணி


ஆலம்பட்டி,
18.11.1983

என் உடன்பிறந்தானுக்கு,

உசிர் இருக்கிற அக்கா ஒச்சம்மாள் எழுதுகிறேன். கண் கிடக்கிறது கழுதை, அதைப் பற்றி இப்போது யார் கேட்டார்கள்? ஏண்டா கூறுகெட்ட பயலே, பன்னிரண்டு நாள் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறது, எனக்கு ஒரு கார்டு போட உனக்குக் கை வரவில்லையா? நான் என்ன செத்தா போய்விட்டேன்?

அவள் பிறந்தபோது மதுரை ஆஸ்பத்திரியில் கையில் வாங்கியவள் நான். எனக்கென்று ஒன்று தங்கவில்லை, அவள்தான் எனக்கும் பிள்ளை. அது பேச்சிக்கும் தெரியும்.

பத்து வயசுப் பிள்ளையை இருபது வயசு வரைக்கும் குத்திக்கொண்டே இருப்பார்களா? இதென்ன வைத்தியம்! இங்கே எங்கள் ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். பென்சிலின் மாத்திரையாகவும் வருகிறது, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் போதும் என்றார். அப்புறம் எதற்குடா ஊசி? டாக்டர் சொல்கிறார் என்று ஆடு மாதிரித் தலையாட்டாமல் வாயைத் திறந்து கேள்.

மாரியம்மனுக்கு நேர்ந்து மஞ்சத் துணியில் முடிந்திருக்கிறேன். பேச்சியையும் நேர்ந்துகொள்ளச் சொல். பிள்ளை தேறியதும் சித்திரைப் பொங்கலுக்கு வந்து முளைப்பாரி தூக்கட்டும். ஆத்தா பார்த்துக்கொள்வாள்.

மறுதபாலில் பதில் வேண்டும். பிள்ளையின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து, அத்தை கொடுத்தது என்று சொல்.

ஒச்சம்மாள்


மட்டாஞ்சேரி,
12.1.1984

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் நெருங்குகிறது, உனக்குப் புதுச்சேலை எடுக்கப் பணம் அனுப்பியிருக்கிறேன், வாங்கிக்கொள். முதுகுப் பிடிப்பு விட்டதா? நாங்கள் மூவரும் நடமாட்டமாக இருக்கிறோம்.

ஒன்பதாம் தேதி நாலாவது ஊசி போட்டாயிற்று. பிள்ளை இப்போது பழகிவிட்டாள் என்று எழுத ஆசைதான். பழகவில்லை. முந்தின நாளே சோறு இறங்காது. 'போன தடவ வலது பக்கம் போட்டாச்சு, இன்னிக்கு எடது பக்கம்' என்று நர்சிடம் அவளே கணக்குச் சொல்கிறாள். ஊசி போட்டதும் ஜெட்டிக்குப் பக்கத்துச் சாயாக்கடையில் ஒரு பழம்பொரி, அதான் வாழைப்பழ பஜ்ஜி, வாங்கித் தர வேண்டும், அதுதான் அவளுக்கும் அம்மாவுக்கும் ஒப்பந்தம். கண்ணீர் வழிய வழியத் தின்பாள். ரெண்டு நாள் நொண்டுவாள். பேச்சி காலண்டரில் இருபத்தொரு நாளைக்கு ஒரு வட்டம் வீதம் டிசம்பர் 31 வரைக்கும் மஞ்சளால் போட்டு வைத்திருக்கிறாள். படிக்கத் தெரியாவிட்டாலும் நாள் தப்பாது.

நீ சொன்ன மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார். 'ரெண்டும் ஒரே மருந்துதான். ஊசி உள்ளே போனால் இருபத்தொரு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காவல் இருக்கும். மாத்திரை காலையில் போட்டால் சாயங்காலம் வரைதான், மறுபடி போட வேண்டும். ஒரு நாள் மறந்தால் அன்றைக்குக் காவல் இல்லை. மருந்து எனக்குத் தெரியும், கொடுக்கிற கை எனக்குத் தெரியாதே' என்றார். எனக்கு என் பாஷையில் விளங்கியது அக்கா. ஊசி மாசச் சம்பளக்காரன், மாத்திரை தினக்கூலி. தினக்கூலிக்காரன் ஒரு நாள் வரவில்லை என்றால் யாரைப் போய்க் கேட்பது?

பேச்சியும் நேர்ந்துவிட்டாள். சித்திரைக்குப் பிள்ளையை அனுப்பச் சொல்கிறாள். அப்போது ஒரு ஊசி அங்கே போட வேண்டிவரும். மருந்தைக் கையில் கொடுத்துவிட்டால் உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் போடுவார்களா? விசாரித்து எழுது.

பிச்சைமணி


ஆலம்பட்டி,
6.2.1984

தம்பிக்கு,

சேலை எடுத்தேன். மயில் கழுத்து நிறம். உன் மாமன் இருந்தால் வாயைப் பிளந்திருப்பார். முதுகு நிமிர்கிறது, குனியத்தான் மாட்டேன் என்கிறது. பேச்சியின் இருமல் எப்படி இருக்கிறது? மிளகு புடைக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளச் சொல்.

உசிலம்பட்டியில் போடுவார்களாம், கம்பவுண்டரிடம் கேட்டேன். ஆனால் நீ ஊர் வழக்கத்தை மறந்துவிட்டாயா, கேரளத்துச் சாயா உன் மூளையைக் கலக்கிவிட்டதா? காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. முளைப்பாரி தூக்குகிற பிள்ளை கட்டாயம் தாண்டக் கூடாது. உன் காலண்டரில் ஊசித் தேதி ஏப்ரல் 23. காப்பு 17ஆம் தேதி, பொங்கல் மே முதல் தேதி. நடுவில் எப்படி உசிலம்பட்டிக்குக் கூட்டிப்போவேன்?

இந்த ஒரு தடவை மாத்திரையாக வாங்கிக் கொடுத்தனுப்பு. கொடுக்கிற கை தெரியாது என்றாரா உன் டாக்டரம்மா? நூற்றிருபது பிள்ளைகளுக்குத் தினம் மணி அடித்ததும் சோறு போடுகிற கை இது. ஒரு பிள்ளைக்கு ரெண்டு மாத்திரை கொடுக்க இதுக்குத் தெரியாதா? போய்ச் சொல்.

உன் அக்கா


மட்டாஞ்சேரி,
3.4.1984

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பிள்ளையைக் கூட்டி வருகிற ராசப்பனிடமே கொடுத்தனுப்புகிறேன். நம் ஊர்க்காரன்தான், எர்ணாகுளத்தில் கொத்தனார் வேலை. அவனுக்கு ஒரு வேளைச் சோறு போட்டு அனுப்பு. உன் உடம்பு சௌகரியம் என்று நம்புகிறேன்.

எனக்கு அனுப்ப மனசில்லை. மறைக்காமல் சொல்கிறேன். பள்ளிக்கூடம் அடைத்ததும் நான்தான் 'அடுத்த வருசம் பாக்கலாம்' என்றேன். பேச்சி ஒரே பிடியாக நின்றாள். 'சாமிக்குச் சொன்ன சொல்லு, புள்ள உசுரு சம்பந்தப்பட்டது' என்றாள். டாக்டரம்மாவிடமும் அவள்தான் மன்றாடினாள். 'ஒத்த தடவதான் தாயி, மாத்திர குடுங்க, அவுக அத்தை கண்ணு மாதிரி பாத்துக்கும்' என்று கையைப் பிடித்துக்கொண்டாள். லோகாம்பாள் அம்மா அதை மலையாளத்தில் சொன்னார். டாக்டரம்மா வெகுநேரம் யோசித்துத்தான் எழுதிக் கொடுத்தார். 'மருந்து முடக்கருதேட்டோ' என்று நாலு தடவை சொன்னார். ஒரு வேளையும் விடக் கூடாது என்று அர்த்தம்.

நேற்று ஊசி போட்டாயிற்று. இருபத்தொன்றாம் தேதி வரை அது தாங்கும். இருபத்திரண்டாம் தேதி காலையிலிருந்து மாத்திரை. சாப்பிடுவதற்கு முன்னால் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பிஸ்கட் டப்பாவில் எண்பது இருக்கிறது. மே 31 வரைக்கும் சரியாக வரும். காய்ச்சல் இல்லை, நன்றாக விளையாடுகிறாள் என்று நிறுத்திவிடாதே. நன்றாக இருக்கிற பிள்ளைக்குத்தான் இந்த மருந்து.

தொண்டை வலி என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டு.

ஜூன் முதல் தேதி நானே வந்து கூட்டிவருவேன்.

பிச்சைமணி


ஆலம்பட்டி,
18.4.1984

தம்பிக்கும் பேச்சிக்கும்,

உங்கள் மகாராணி நலமாக வந்து சேர்ந்து, என் வீட்டையும் ஊரையும் ஆண்டுகொண்டிருக்கிறாள். எனக்கும் ஒரு நோவும் இல்லை. அவள் வந்ததில் முதுகுப் பிடிப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை.

நேற்றுக் காப்புக் கட்டியாயிற்று. முளைப்பாரிக்கு ஒன்பது வகைப் பயறு போட்டு இருட்டறையில் வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எட்டிப் பார்க்கிறாள். 'அத்தே, இது எப்பழா மொளைக்கும்' என்கிறாள். அதென்ன 'எப்பழா'? தெருப் பிள்ளைகள் எல்லாம் அவளை 'மலையாளத்தம்மா' என்று கூப்பிடுகிறார்கள். அவளுக்கு அதில் ஒரே பெருமை. நான் சமைக்கிற சோற்றைப் பார்த்து அரிசி பொடியாக இருக்கிறதாம், அங்கே குண்டாக இருக்குமாம். வாயைப் பார்!

மாத்திரை டப்பா சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 22ஆம் தேதியை நானும் காலண்டரில் மஞ்சளால் வட்டம் போட்டிருக்கிறேன். போதுமா?

கீழே அவளும் மலையாளத்தில் ஏதோ கிறுக்கியிருக்கிறாள். என்னைத் திட்டியிருந்தால் அழித்துவிடு.

ஒச்சம்மாள்


ஆலம்பட்டி,
20.5.1984

அன்புள்ள தம்பிக்கு,

நீ போட்ட ரெண்டு கார்டும் வந்தன. ஒரு மாசமாக எழுதாததற்குக் கோபிக்காதே. நான் சுகமாக இருக்கிறேன். பேச்சியின் இருமல் நின்றதா?

ஆத்தா நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனாள். ஏப்ரல் 26ஆம் தேதி காலையில் பிள்ளை முதுகில் ரெண்டு முத்துப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் உடம்பெல்லாம் அம்மை. உன் பயத்தைத் தெரிந்துதான் எழுதவில்லை. அம்மை போட்ட வீட்டிலிருந்து கடுதாசியும் போகக் கூடாது. வேப்பிலையில் படுக்கவைத்து, இளநீரும் கூழும் கொடுத்து, ராத்திரி பகல் கண் மூடாமல் பார்த்தேன். முளைப்பாரியை அவளுக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை தூக்கியது. மே 14ஆம் தேதி மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்று. ஆத்தா குளிர்ந்து போய்விட்டாள். பிள்ளை உடம்பு இப்போது துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி இருக்கிறது. முகத்தில் ஒரு தழும்பு இல்லை.

குச்சி ஐஸ் தின்று தொண்டை கட்டியிருக்கிறது. சுக்குத் தட்டிப் போட்டுக் கொடுத்தேன், கேட்டுவிடும்.

பிள்ளைக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

உன் அக்கா


மட்டாஞ்சேரி,
24.5.1984

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம். அம்மை இறங்கியது கேட்டுப் பேச்சி மாவிளக்குப் போட்டாள்.

நீ எல்லாம் எழுதியிருக்கிறாய், மாத்திரையைப் பற்றி ஒரு வரி இல்லை. அம்மை போட்ட வீட்டில் மருந்து ஆகாது என்பது எனக்குத் தெரியும், நானும் அந்த ஊரில் பிறந்தவன்தான். அதனால்தான் கேட்கிறேன். அந்தப் பதினெட்டு நாளும் கொடுத்தாயா? இப்போது கொடுக்கிறாயா? ஆம், இல்லை, ரெண்டில் ஒன்றை எழுது. இல்லை என்றாலும் கோபிக்க மாட்டேன். உடனே வந்து பிள்ளையைக் கூட்டிவந்து ஊசி போட்டுவிடுவேன், அவ்வளவுதான்.

தொண்டை கட்டினதை டாக்டரிடம் காட்டு.

பிச்சைமணி


ஆலம்பட்டி,
28.5.1984

தம்பிக்கு,

கொடுத்தேன். ஒரு வேளையும் விடவில்லை. தொண்டையும் சரியாகிவிட்டது. பிள்ளை சுகம். வரும்போது எனக்குக் கொஞ்சம் நல்ல மிளகு கொண்டுவா.

ஒச்சம்மாள்


மட்டாஞ்சேரி,
14.7.1984

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மழை விடவே இல்லை.

ஜூன் 4ஆம் தேதி வழக்கம்போல ஊசி போட்டோம். ரெண்டு வாரம் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. கால் வலி என்றாள். டாக்டரம்மா முதல் கேள்வியே மாத்திரையைப் பற்றித்தான் கேட்டார். நான் உன் கார்டை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். லோகாம்பாள் அம்மா அதை வாசித்து மலையாளத்தில் சொன்னார். நான் கூட்டிவர வந்தபோது டப்பாவைக் கேட்டதும், காலியாகிவிட்டது, கடுகு போட்டு வைத்திருக்கிறேன் என்று நீ சொன்னதையும் சொன்னேன். டாக்டரம்மா பிள்ளையிடமும், 'மோளே, குளிக எல்லாம் கழிச்சோ?', மாத்திரை எல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

அதனால் இது பழைய வியாதி இல்லை, வேறு காய்ச்சல் என்று முடிவு செய்தார்கள். டைபாய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். அம்மை போட்ட அசதி என்றும் நினைத்தோம். நடுவில் காய்ச்சல் விட்டது என்று நாலு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கூட அனுப்பினோம் அக்கா. ஓடி ஆடிவிட்டு வந்தாள். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. படகில் எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பார்த்தால் இருதயம் வீங்கியிருக்கிறது. உள்ளே கதவு மாதிரி ஒன்று இருக்கிறதாம், அது மூடவில்லை. இருதயம் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் கட்டிலை விட்டு இறக்கியிருக்க மாட்டேன் என்று டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மாத்திரை ஒழுங்காகப் போன உடம்பில் இது எப்படி வந்தது என்று அவருக்கு விளங்கவே இல்லை.

இப்போது தலையணை மூன்று வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்குகிறாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது. திருவனந்தபுரத்தில் அறுவை செய்வார்கள், அதற்கு முதலில் உடம்பு தேற வேண்டும் என்கிறார்கள்.

பேச்சி, 'ஊசியே போட்டிருக்கணும், நாந்தான கெடுத்தேன்' என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

அக்கா, உன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் ஒரு தடவை யோசித்து எழுது. எப்போதாவது விட்டுப்போனதா? பிள்ளை உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பிச்சைமணி


ஆலம்பட்டி,
23.9.1984

தம்பிக்கு,

உன் ஜூலை மாசக் கடிதத்துக்கு இன்றைக்குத்தான் பதில் எழுதுகிறேன். நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

ஆகஸ்ட் 9ஆம் தேதி தந்தி வந்து, நான் வந்து சேர்வதற்குள் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டீர்கள். உன் வீட்டில் ஒரு ராத்திரி இருந்தேன்.  பேச்சி என் மடியில் விழுந்து, 'மதினி, நீங்க ஒரு வேள விடாம குடுத்தீங்க, பாவி நாந்தான் ஊசி வேணாம்னேன்' என்று கதறினாள். நீயும் பார்த்தாய். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.  மறுநாள் காலையில் ஓடிவந்துவிட்டேன். அந்த அழுகை என்னைத் தூங்கவிடவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நான் கொடுக்கவில்லையடா.

நாலு நாள் கொடுத்தேன். எட்டு மாத்திரை. 26ஆம் தேதி காலையில் முத்தைப் பார்த்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டுபோய்ச் சத்துணவுக் கூடத்தில் பருப்பு மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஆத்தா இருக்கிற வீட்டில் மருந்து வைத்தால் அவள் கோபித்துப் பிள்ளையின் கண்ணைப் பறித்துவிடுவாள் என்று பயந்தேன். அதுகூட ஊர் வழக்கம், போகட்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகு ஏன் கொடுக்கவில்லை என்று கேள். பிள்ளை அப்படி ஒரு களையோடு எழுந்து உட்கார்ந்தாள். ஆத்தா போகும்போது அவள் உடம்பில் இருந்த எல்லா வியாதியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று முழு மனசோடு நம்பினேன். இனிமேல் ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், அதை உனக்கு நேரில் சொல்லலாம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. ஆம், இல்லை என்று கேட்டிருந்தாய்.  சோறு போடுகிற கை என்று பெருமை பேசியவள், இல்லை என்று எப்படி எழுதுவேன்? ஒரு பொய்தானே, பிள்ளைதான் நன்றாக இருக்கிறாளே என்று எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பிள்ளை கேட்டாள், 'அத்தே, அப்பா கேட்டா என்ன சொல்ல?' என்று. 'எல்லாத்தையும் சாப்பிட்டேன்னு சொல்லுடி தங்கம், இல்லாட்டி அத்தைய வைவாக' என்றேன். எனக்காகத்தான் அவள் தலையை ஆட்டியிருக்கிறாள். உன் கடிதத்தில் அதைப் படித்த அன்றைக்கே நான் ஓடிவந்திருக்க வேண்டும். அப்போதும் பிள்ளை உயிரோடுதான் இருந்தாள். வரவில்லை.

டப்பா அங்கேயேதான் இருக்கிறது. எழுபத்திரண்டு மாத்திரை.

இதைப் பேச்சிக்கு வாசித்துக் காட்டு. அவள் குற்றம் ஒன்றும் இல்லை என்று சொல். என்னை நீங்கள் என்ன செய்தாலும் சரி.

ஒச்சம்மாள்


மட்டாஞ்சேரி,
16.10.1984

ஒச்சம்மாள் அவர்களுக்கு நமஸ்காரம்.

நான் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் லோகாம்பாள். எனக்கு மலையாளம்தான் எழுதிப் பழக்கம், தமிழில் பிழை இருந்தால் பொறுக்கணும். பேச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதை, கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதறேன்.

மதினி, நான் பேச்சியம்மா.

உங்க கடுதாசி வந்தன்னைக்கு அவரு எனக்கு வாசிச்சுக் காட்டுனாரு. 'அக்கா சொகமா இருக்கா, ஊர்ல மழையாம், நம்மள மனசத் தேத்திக்கச் சொல்லுது'ன்னாரு. நாலு பக்கம் எழுதுன கடுதாசிக்கு இம்புட்டுத்தானான்னு கேட்டேன். அவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அன்னைக்கு ராவு சோறு திங்கல. மறுநாளும் திங்கல. கடுதாசிய அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாரு. ஆம்பளைக்கு ஒளிக்கக்கூட எடம் தெரியல. நாந்தான தெனம் அரிசி அள்ளுறேன்.

எடுத்துக்கிட்டு இந்த அம்மாகிட்ட வந்தேன். ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னேன்.

மதினி, நீங்க செஞ்சத என்னால பொறுக்க முடியல. அம்மை போட்டப்ப நிப்பாட்டுனத நான் குத்தம் சொல்லல. நான் அங்க இருந்திருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். சத்தியமா. ஆனா அவரு கேட்டப்ப ஒத்த வார்த்தை, இல்லைன்னு எழுதியிருந்தா என் புள்ளைய நான் கட்டில விட்டு எறக்கியிருக்க மாட்டேனே. சாகப்போற புள்ளைய பொய் சொல்ல வச்சிட்டீங்களே. கடேசி நாள் வரைக்கும் அவ உங்களக் காட்டிக் குடுக்கல. 'அத்தை வருமா, அத்தை வருமா'ன்னுதான் கேட்டா.

உங்கள வையணும்னுதான் இந்த அம்மாகிட்ட காயிதம் எடுக்கச் சொன்னேன். இப்ப வைய வரல.

ரெண்டு மாசமா நான் என்னையவே அறைஞ்சுக்கிட்டு இருந்தேன். மாத்திரை கேட்டது நாந்தானன்னு. ஒரு வேள விடாமக் குடுத்தும் புள்ள போயிருச்சுன்னா, மருந்தத் தப்பா கேட்ட நாந்தான கொன்னேன்? உங்க கடுதாசியக் கேட்டப்பறம் அது நின்னுருச்சு. அழுக நிக்கல, அறையிறது நின்னுருச்சு. அவரு உங்களக் காப்பாத்துறேன்னு என்னையக் கொன்னுக்கிட்டு இருந்தாரு. நீங்க எழுதுனதுனால தப்பிச்சேன். அதையும் சொல்லத்தான வேணும்.

காலண்டர்ல மஞ்ச வட்டம் இன்னும் இருக்கு மதினி. டிசம்பர் கடேசி வரைக்கும் போட்டுவச்சிட்டேன். அழிக்க மனசு வரல. அந்தத் திங்கக்கெழமை வந்தா என் காலு அதுவா ஆஸ்பத்திரிக்குப் போயிருது. புள்ளைகள இடுப்புல தூக்கிக்கிட்டு ஊசிக்கு வரிசையா நிப்பாக. நானும் ஓரமா நிக்கிறேன். திரும்புறப்ப கடைல பழம்பொரி வாங்கிருறேன். சாயாக்கடை சேட்டன் கேக்காமலே பொட்டணம் கட்டிக் குடுத்துருறாரு. அதைக் கையில வச்சுக்கிட்டு ஜெட்டியில உக்காந்துருக்கேன், யாருக்குக் குடுக்கன்னு தெரியாம.

அடுத்த வட்டம் அக்டோபர் 29. அதுக்கு முன்னால வந்து சேந்துருங்க. அந்த டப்பாவக் கொண்டாங்க, நான் அந்த மாத்திரைய என் கையால எண்ணிப் பாக்கணும். அன்னைக்கு எங்கூட ஆஸ்பத்திரிக்கு நீங்க வரணும். ஒத்தையில போயி நிக்க இனிமே எனக்குத் தெம்பு இல்ல.

பேச்சியம்மாள்
கைநாட்டு